காலம் சுழல்கிறதா? யுகங்கள், பிரளயம், மறுவருகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யுகங்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கருத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. காலம் சக்கரம் போலச் சுற்றுகிறது, கோடையும் மழையும் திரும்புவது போல யுகங்களும் திரும்பும் என்பது ஒன்று. இதே நான், இதே தெரு, இதே பேச்சு, ஒரு மூச்சுகூட மாறாமல் மறுபடி நடக்கும் என்பது இன்னொன்று. முதலாவது நமக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கமானது. இரண்டாவது மிகக் கடுமையான கூற்று, அதை நிறுவுவதும் மிகக் கடினம். இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் மற்ற கேள்விகளுக்கு வழி பிறக்கும்.

யுகக் கணக்கை ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்களேன்?

கிருத யுகம் 17,28,000 ஆண்டுகள். திரேதா யுகம் 12,96,000. துவாபர யுகம் 8,64,000. கலியுகம் 4,32,000. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்ற விகிதம். நான்கும் சேர்ந்தது ஒரு சதுர்யுகம், 43,20,000 ஆண்டுகள். ஆயிரம் சதுர்யுகம் பிரம்மாவுக்கு ஒரு பகல், அதாவது ஒரு கல்பம்: 432 கோடி ஆண்டுகள். இரவும் அதே அளவு. இப்படி 360 நாள் கொண்ட ஆண்டுகள் நூறு கடந்தால் பிரம்மாவின் ஆயுள் முடியும். நம் கணக்கில் அது சுமார் 311 லட்சம் கோடி ஆண்டுகள்.

ஒரு கல்பத்துக்குள் 14 மனுக்களின் காலம் வரும். ஒவ்வொரு மனுவுக்கும் 71 சதுர்யுகம். பெருக்கினால் 994தான் வருகிறது. மீதி ஆறு சதுர்யுகங்கள், மனுக்களுக்கு முன்னும் பின்னும் இடையிலும் வரும் 15 சந்திக் காலங்களாகப் பங்கிடப்படுகின்றன. கணக்கு துல்லியமாக 1,000-இல் வந்து நிற்கும்.

வீட்டில் ஹோமமோ திவசமோ நடக்கும்போது புரோகிதர் சங்கல்பம் சொல்வதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். "த்விதீய பரார்த்தே, ஸ்வேத வராக கல்பே, வைவஸ்வத மன்வந்தரே, அஷ்டாவிம்சதிதமே, கலியுகே, பிரதமே பாதே" என்று வரும். பிரம்மாவின் ஆயுளில் பின்பாதி, வெள்ளைப் பன்றியின் பெயரால் வழங்கும் கல்பம், ஏழாவது மனு, 28-ஆவது சதுர்யுகம், அதில் கலியின் முதல் கால் பகுதி. அப்புறம் அறுபதில் அந்த வருடத்தின் பெயர், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம். கடிதத்தின் மேல் நாடு, மாநிலம், ஊர், தெரு, கதவு எண் என்று எழுதுவது போல, எல்லையில்லாத காலத்துக்குள் இந்தக் காலைப் பொழுதுக்கு ஒரு முகவரி எழுதுகிறார்கள். அவசரமாக முணுமுணுக்கப்படும் அந்த வரிகளுக்குள் இவ்வளவு பெரிய கணக்கு அடங்கியிருக்கிறது.

இவ்வளவு பெரிய எண்கள் எங்கிருந்து வந்தன?

இது அதிகம் பேசப்படாத பகுதி, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மகாபாரதமும் மனு ஸ்மிருதியும் முதலில் சொல்வது 12,000 ஆண்டுகள்தான். கிருதம் 4,000, அதன் விடியலும் அந்தியும் தலா 400 என்று தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். அவற்றைத் தேவர்களின் ஆண்டுகள் என்று கொண்டு 360-ஆல் பெருக்கியபோது 43,20,000 வந்தது.

இந்த எண் வானியலாளர்கள் கைக்கு வந்ததும் புதிய வேலை ஒன்றைச் செய்யத் தொடங்கியது. சூரியன், சந்திரன், கோள்கள் எல்லாம் மேஷத்தின் தொடக்கப் புள்ளியில் ஒன்றுகூடிப் புறப்படுகின்றன, நீண்ட காலம் கழித்து மறுபடி அங்கேயே ஒன்றுகூடுகின்றன என்று வைத்துக்கொண்டார்கள். அந்த இடைவெளிக்குள் ஒவ்வொரு கோளும் முழுச் சுற்றுகளை முடித்திருக்க வேண்டும், பாதிச் சுற்றில் எதுவும் நிற்கக் கூடாது. ஆரியபட்டரின் கணக்கில் ஒரு சதுர்யுகத்தில் குரு 3,64,224 சுற்றுகள், சனி 1,46,564 சுற்றுகள். 43,20,000-ஐ முதல் எண்ணால் வகுத்தால் 11.86 ஆண்டுகள், இரண்டாவதால் வகுத்தால் 29.48 ஆண்டுகள். இன்றைய அளவீடுகளுக்கு மிக அருகில் இருக்கிறது. தசமப் புள்ளி இல்லாத காலத்தில், நுண்ணிய பின்னங்களை முழு எண்களாக எழுதிவைக்க யுகம் ஒரு கருவியாக இருந்தது.

ஆரியபட்டர் இதில் துணிச்சலும் காட்டினார். தனக்கு 23 வயதானபோது கலியில் 3,600 ஆண்டுகள் கழிந்திருந்தன என்று எழுதியவர் அவர், அது கி.பி. 499. நான்கு யுகங்களையும் 4:3:2:1 என்று பிரிக்காமல் தலா 10,80,000 ஆண்டுகளாகச் சமமாக்கினார். மனுவுக்கு 72 சதுர்யுகம், கல்பத்துக்கு 1,008 என்று மாற்றினார். கி.பி. 628-இல் எழுதிய பிரம்மகுப்தர், ஸ்மிருதிகளுக்கு இது ஒத்துவரவில்லை என்று அவரைக் கடுமையாகக் கண்டித்தார். யுகக் கணக்கு ஒரே வடிவில் என்றும் மாறாமல் வந்தது என்று நினைப்பவர்கள் இந்தச் சண்டையை அறிந்துகொள்ள வேண்டும்.

கல்பம் 432 கோடி ஆண்டு, பூமியின் வயதும் கிட்டத்தட்ட அதுதான். முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது என்று வாட்ஸாப்பில் வருகிறதே?

பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். எண்கள் பக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் கல்பம் என்பது ஒரு பகலின் முழு நீளம், பூமியின் வயதோ இதுவரை கழிந்த காலம். ஒப்பிட வேண்டுமென்றால் இந்தக் கல்பத்தில் இதுவரை கழிந்ததை எடுக்க வேண்டும். மரபுக் கணக்குப்படி அது ஏறத்தாழ 197 கோடி ஆண்டுகள். பொருந்தவில்லை. பேரண்டத்தின் வயதான 1,380 கோடியோடும் பொருந்தவில்லை. 432 கோடி என்பது 12,000, 360, 1,000 ஆகிய மூன்றையும் பெருக்கியதால் வந்தது. பாறைகளை ஆராய்ந்து கண்டதல்ல.

இதைச் சொல்வதால் முன்னோர்களைக் குறைத்து மதிப்பதாகாது. உலகத்துக்குச் சில ஆயிரம் ஆண்டுகள்தான் வயது என்று பலர் நம்பிய காலத்தில், கோடிகளில் யோசிக்கத் தயங்காத மனம் அவர்களுடையது. அந்தப் பெருமை போதும். பொய்யான பெருமை வேண்டியதில்லை.

கலியுகம் முடிய இன்னும் எவ்வளவு காலம்?

கலி பிறந்தது கி.மு. 3102 பிப்ரவரியில் என்பது மரபுக் கணக்கு. ஐயாயிரத்து நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் கழிந்திருக்கிறது. இன்னும் 4,26,000 ஆண்டுகளுக்கு மேல் பாக்கி. "கலி முற்றிவிட்டது" என்று யாராவது சொன்னால், அந்தக் கணக்கின்படியே இது கலியின் விடியற்காலம்தான். அன்று கோள்கள் எல்லாம் ஒரே புள்ளியில் நின்றன என்பதும் பின்னாள் வானியலாளர்கள் பின்னோக்கிப் போட்ட கணக்கு. இன்றைய கணிப்பில் அவை அப்படி ஒரே புள்ளியில் நிற்கவில்லை.

போன கல்பத்திலும் இதே ராமர், இதே நான் இருந்தோமா?

புராண மரபு இதற்கு நேரான "ஆம்" சொல்வதில்லை. ஒவ்வொரு மன்வந்தரத்திலும் ஒரு மனு, ஓர் இந்திரன், ஏழு ரிஷிகள் உண்டு, ஆனால் ஆட்கள் வேறு. பதவி நிலைக்கிறது, அதில் அமர்பவர் மாறுகிறார். பல பிரளயங்களைப் பார்த்துவிட்டு உயிரோடிருக்கும் காக புசுண்டர் வசிட்டரிடம் சொல்வதாக வரும் கதையிலும் இதே தொனிதான்: சில படைப்புகள் முன்பு போலவே இருந்தன, சில பாதி ஒத்திருந்தன, சில முற்றிலும் வேறாக இருந்தன.

சைவ சித்தாந்தம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் தந்த சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தில் "ஒடுங்கி மலத்துளதாம்" என்று வருகிறது. உலகம் ஒடுங்கிய இடத்திலிருந்தே மறுபடி தோன்றுகிறது. காரணம், உயிர்களைப் பற்றிய மலம், அதாவது அவற்றைக் கட்டிவைக்கும் அழுக்கு, இன்னும் தீரவில்லை. சங்காரம் என்பது அழிவல்ல, பிறந்து பிறந்து களைத்த உயிர்களுக்கு ஓய்வு. மறுபடி படைப்பது அவை மீதியைத் தீர்த்துக்கொண்டு வெளியேற. ஆக, இந்தச் சுழற்சிக்குக் கதவு இருக்கிறது. சமணத்திலும் பௌத்தத்திலும் அப்படியே. சமணர்கள் ஏறுமுகம் ஆறு, இறங்குமுகம் ஆறு எனக் காலச் சக்கரத்துக்குப் பன்னிரண்டு ஆரங்கள் வைத்தார்கள், ஒவ்வொரு பாதியிலும் 24 தீர்த்தங்கரர்கள் வருவார்கள் என்றார்கள். ஆனால் முத்தி அடைந்த உயிர் திரும்புவதில்லை. ஒருவர் விடுதலையாகிப் போனார் என்றால் அடுத்த சுற்று அவர் இல்லாத சுற்று. அது எப்படி இதே சுற்றாக இருக்க முடியும்?

இந்தியச் சுழற்சிக்கும், எல்லாம் அப்படியே திரும்பும் என்ற கருத்துக்கும் உள்ள பிளவு இங்கேதான். விடுதலையை ஒப்புக்கொள்கிற எந்த மரபும் அச்சு அசலான மறுவருகையை ஒப்புக்கொள்வது கடினம்.

இந்தியாவில் யாருமே அப்படியே திரும்பும் என்று சொன்னதில்லையா?

சொன்னவர்கள் உண்டு. 1930-களில் சிந்து மாகாணத்து ஐதராபாத்தில் தொடங்கி இன்று அபு மலையைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மா குமாரிகள் இயக்கம், காலச் சக்கரம் 5,000 ஆண்டுகள், நான்கு யுகமும் தலா 1,250 ஆண்டுகள், ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் போலவே நடக்கும் என்று போதிக்கிறது. நம் ஊர்களிலும் அவர்களுடைய நிலையங்கள் இருப்பதால், பலர் இதையே பழைய புராணக் கருத்து என்று எண்ணிவிடுகிறார்கள். இது அந்த இயக்கத்தின் தனிக் கொள்கை. புராணக் கணக்கிலிருந்து நீளத்திலும் தன்மையிலும் வேறுபட்டது.

எல்லாம் விதிப்படியே நடக்கும் என்ற பழைய சமயத்தாரான ஆசீவகர்களையும் இங்கே சேர்ப்பவர்கள் உண்டு. அவர்களுடைய ஆசான் மற்கலி கோசாலர் சொன்னது வேறு: 84 லட்சம் மகாகல்பங்கள் சுற்றியபின் எல்லா உயிரும் தானாகவே துயர் தீரும், வீசிய நூலுருண்டை பிரிந்து முடிவது போல. அது நியதி, மறுவருகை அல்ல. மணிமேகலையிலும் நீலகேசியிலும் ஆசீவகர்களோடு நடக்கும் வாதம் வருகிறது. ஒரு காலத்தில் தமிழ் மண்ணில் இது உயிருள்ள விவாதமாக இருந்தது.

பழந்தமிழில் பிரளயம், யுகம் பற்றிய பேச்சு உண்டா?

உண்டு. கீரந்தையார் பாடிய பரிபாடலின் இரண்டாம் பாட்டில் உலகம் மறுபடி மறுபடி தோன்றுவது வரிசையாக வரும். வானம் மட்டும் இருந்த ஊழி, காற்று கிளர்ந்த ஊழி, தீ சுடர்ந்த ஊழி, பனியும் மழையும் பெய்த ஊழி, பிறகு வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த நிலம் மேலே வருதல். கழிந்த காலத்தை எண்ண நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்ற பேரெண்களை அடுக்குகிறார். சத்தம் போட்டுப் படித்தால் அந்த வேகம் தெரியும்.

கோயில் கதைகளிலும் பிரளயம் உண்டு. சீர்காழிக்குத் தோணிபுரம் என்ற பெயர், பிரளய வெள்ளத்தில் அந்தத் தலம் தோணியாக மிதந்த கதையால் வந்தது. கும்பகோணத்தின் கும்பம், பிரளயத்துக்கு முன் பிரம்மா படைப்பின் விதைகளை வைத்து மிதக்கவிட்டது.

கிரேக்கர்களும் இதைச் சொன்னார்களாமே?

அச்சு அசலான மறுவருகைக்கு உண்மையான பழைய வீடு கிரேக்கம்தான். கிட்டியத்தின் சீனோன், கிரிசிப்போஸ் முதலிய, ஸ்டோயிக் என்ற தத்துவப் பள்ளியின் அறிஞர்கள், பேரண்டம் குறித்த காலத்தில் நெருப்பாக எரிந்து, மறுபடி அதே ஒழுங்கில் உருவாகும் என்றார்கள். உலகை நடத்தும் அறிவு ஒன்றே, அது சிறந்ததையே செய்யும். சிறந்தது ஒன்றுதான் என்றால் இரண்டாம் முறையும் அதைத்தானே செய்ய வேண்டும்? வாதம் எளிமையாகவும் வலுவாகவும் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் நெமேசியோஸ் என்ற கிறிஸ்தவ ஆயர் அவர்கள் கருத்தை எழுதிவைத்தார்: மறுபடியும் சாக்ரடீஸ் இருப்பார், பிளேட்டோ இருப்பார், அதே நண்பர்கள், அதே நகரம், அதே வயல்கள். ஸ்டோயிக்குகளுக்குள்ளேயே பனைடியோஸ் போன்றோர் உலகம் எரியும் என்பதைச் சந்தேகித்தார்கள்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தவர் அரிஸ்டாட்டிலின் மாணவரான ரோட்ஸ் தீவின் யூடெமோஸ். அவர் வகுப்பில் சொன்னதாக ஒரு துணுக்கு மிஞ்சியிருக்கிறது. பித்தாகரஸ் வழியினர் சொல்வது போல எல்லாம் அப்படியே திரும்பும் என்றால், நானும் கையில் இதே கோலோடு நின்று உங்களிடம் பேசுவேன், நீங்களும் இதே போல உட்கார்ந்திருப்பீர்கள் என்றார். அதோடு நிறுத்தவில்லை. இயக்கம் ஒன்றே, முன்பின் வரிசை ஒன்றே என்றால் காலமும் அதே காலம்தான் என்றார். யோசித்துப் பாருங்கள். எல்லாமே ஒன்று, காலமும் ஒன்று என்றால் அதை "மறுபடி" என்று எப்படிச் சொல்வது? இரண்டு சுற்றுகளை வேறுபடுத்த ஓர் அடையாளமாவது வேண்டும். அடையாளம் இருந்தால் அவை அச்சு அசல் அல்ல. அடையாளமே இல்லை என்றால் நடந்தது ஒருமுறைதான். எத்தனையோ நூற்றாண்டு விவாதத்துக்குப் பின்னும் இந்தக் கண்ணியிலிருந்து யாரும் சுலபமாகத் தப்பவில்லை.

கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டீன் வேறு காரணத்துக்காக எதிர்த்தார். கிறிஸ்து ஒரே முறைதான் இறந்தார். அந்த ஒருமுறைக்குப் பொருள் வேண்டுமானால் காலம் வட்டமாக இருக்க முடியாது என்பது அவர் நிலை.

நீட்சே இதில் எங்கே வருகிறார்?

1881 ஆகஸ்டில், சுவிட்சர்லாந்தின் சில்ஸ் மரியாவில் தங்கியிருந்த ஜெர்மானியத் தத்துவவாதி நீட்சே, சில்வாபிளானா ஏரிக்கரையில் நடந்துபோகும்போது பிரமிடு போல உயர்ந்து நின்ற ஒரு பாறையருகே இந்த எண்ணம் வந்ததாகப் பின்னால் எழுதினார். அடுத்த ஆண்டு அது அச்சில் வந்தது, கேள்வியாக. உன் மிகத் தனிமையான இரவில் ஒரு பேய் வந்து, நீ வாழ்ந்த இதே வாழ்க்கையை எண்ணற்ற முறை வாழ வேண்டும், புதிதாக எதுவும் இராது, ஒவ்வொரு வலியும் ஒவ்வொரு இன்பமும் அதே வரிசையில் வரும் என்று சொன்னால், பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சபிப்பாயா, இல்லை இதைவிடத் தெய்வீகமான சொல்லைக் கேட்டதில்லை என்பாயா?

இந்தியக் கருத்தின் நகல் இது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நம் மரபுகள் சுழற்சியிலிருந்து வெளியேற வழி தேடின. நீட்சே வெளியேறும் கதவையே எடுத்துவிட்டு, இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்டார். திசையே எதிர்.

காலம் முடிவில்லாதது, பொருள்கள் அளவுக்குட்பட்டவை என்றால் எல்லாம் திரும்பித்தானே ஆக வேண்டும்?

நீட்சேயும் தன் குறிப்பேடுகளில் இப்படித்தான் நிறுவப் பார்த்தார். கேட்கச் சரியாகத் தோன்றும், ஆனால் தவறு. 1907-இல் ஜெர்மானியச் சிந்தனையாளர் கியோர்க் சிம்மல் இதை மூன்று சக்கரங்களால் உடைத்தார்.

ஒரே அச்சில் ஒரே அளவுள்ள மூன்று சக்கரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு புள்ளி வைத்து, மூன்று புள்ளிகளையும் ஒரே கோட்டில் நிறுத்துங்கள். இரண்டாவது சக்கரம் முதலாவதைவிட இரண்டு மடங்கு வேகம். மூன்றாவதன் வேகம், முதலாவதன் வேகத்தைப் பை (π) என்ற எண்ணால் வகுத்தால் வருவது. சுழலவிடுங்கள். முதல் சக்கரம் முழுச் சுற்று முடிக்கும்போதெல்லாம் இரண்டாவதும் வந்து சேர்ந்துவிடும். மூன்றாவது ஒருபோதும் வராது, ஏனென்றால் பை என்பது இரு முழு எண்களின் விகிதமாக எழுத முடியாத எண். மிக அருகில் வரும், ஆனால் சரியாக அந்தக் கோட்டில் நிற்காது. வெறும் மூன்று சக்கரம், முடிவில்லாத காலம், ஆனாலும் முதல் நிலை ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

இப்போது ஆரியபட்டரின் கணக்குக்குத் திரும்பிப் பாருங்கள். குருவுக்கும் சனிக்கும் முழு எண்ணில் சுற்றுகளைக் கொடுத்ததால்தான் யுகச் சக்கரம் மூடிக்கொள்கிறது. உண்மையான விகிதங்கள் அப்படி முழு எண்களாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் நிக்கோல் ஓரேம் இதையே சொன்னார்: வான் இயக்கங்களின் விகிதங்கள் பெரும்பாலும் முழு எண்களில் அடங்காதவை, ஆகவே கோள்கள் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பும் பேராண்டு என்று ஒன்று வராது. சுழற்சி இருப்பது வேறு, சுழற்சிகள் எல்லாம் ஒருசேர மூடிக்கொள்வது வேறு. என் கருத்தில் இந்த விவாதம் முழுவதற்கும் சாவி இதுதான்.

இயற்பியல் மறுவருகையை நிரூபித்துவிட்டது என்கிறார்களே?

அவர்கள் குறிப்பிடுவது 1890-இல் பிரெஞ்சுக் கணிதர் போங்கரே நிறுவிய தேற்றம். அடைபட்ட, ஆற்றல் மாறாத ஒரு அமைப்பு, போதிய காலம் விட்டால், தொடங்கிய நிலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அருகில் திரும்பி வரும். "அருகில்" என்பதுதான் அதன் உயிர், அப்படியே என்று அது சொல்லவில்லை. 1896-இல் கணிதர் செர்மெலோ இதை வைத்து இயற்பியலாளர் போல்ட்ஸ்மனை மடக்கினார்: எல்லாம் திரும்புமானால் ஒழுங்கின்மை எப்போதும் கூடும் என்று எப்படிச் சொல்கிறீர்? போல்ட்ஸ்மன் அது எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கன சென்டிமீட்டர் வாயுவுக்கே ஆகும் நொடிகளை எழுதினால், அந்த எண்ணில் இலக்கங்களே கோடி கோடியாக வரும். 311 லட்சம் கோடி என்ற பிரம்மாவின் ஆயுளுக்கு வெறும் 15 இலக்கங்கள்தான்.

அதோடு, அந்தத் தேற்றத்துக்குச் சுவர் வேண்டும், அமைப்பு எல்லைக்குள் அடைபட்டிருக்க வேண்டும். நம் பேரண்டம் விரிகிறது, அந்த விரிவும் வேகமெடுக்கிறது என்று 1998-இல் தெரியவந்தது. ஆகவே தேற்றத்தை அப்படியே தூக்கிப் பேரண்டத்தின் மேல் வைக்க முடியாது.

பெருவெடிப்புக்கு முன் இன்னொரு பேரண்டம் இருந்திருக்கலாமா?

இருந்திருக்கலாம் என்று சொல்லும் மாதிரிகள் உண்டு, எதுவும் நிறுவப்படவில்லை. 1930-களில் ரிச்சர்ட் டோல்மன், விரிந்து சுருங்கும் பேரண்டத்தில் ஒழுங்கின்மை சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும், ஆகவே ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடப் பெரிதாக இருக்கும் என்று காட்டினார். பால் ஸ்டைன்ஹார்ட்டும் நீல் டுரோக்கும் 2001-இல் மற்ற இருவரோடு முன்வைத்த மாதிரிக்கு ஸ்டோயிக்குகளின் உலகத் தீயின் பெயரையே வைத்தார்கள், மறு ஆண்டு அதைச் சுழற்சி மாதிரியாக வளர்த்தார்கள். ரோஜர் பென்ரோஸ், நிறையுள்ள எல்லாம் மறைந்து ஒளி மட்டும் மிஞ்சும் தொலைதூர எதிர்காலம், இன்னொரு பெருவெடிப்பின் தொடக்கமாக மாறலாம் என்கிறார். அவருக்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது கருந்துளை ஆய்வுக்கு, இதற்கல்ல. இவை எவையும் நீங்களும் நானும் திரும்புவோம் என்று சொல்லவில்லை.

ஒரு இடத்துக்கு முதன்முறை போகும்போதே, முன்பு வந்தது போலத் தோன்றுகிறதே?

மூளையில் "இது பழகியது" என்ற உணர்வு, உரிய நினைவு இல்லாமல் தனியாக எழும்போது அப்படித் தோன்றும். பலருக்கும் வருவது. மூளையின் பக்கவாட்டிலுள்ள பொட்டு மடலில் தொடங்கும் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு வலிப்பின் முன்னறிகுறியாகவும் வரும். அடிக்கடி, மயக்கத்தோடு வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மறுவருகைக்கு இது சான்றல்ல. போன சுற்றின் நினைவு இந்தச் சுற்றில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலே இரண்டு சுற்றும் வேறாகிவிடும்.

தமிழ் ஆண்டுகள் அறுபது மட்டும் ஏன் சுழல்கின்றன?

பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபதும் குருவின் ஓட்டத்தை ஒட்டியவை. குரு ஐந்து சுற்று முடிக்க 59 ஆண்டுகளுக்கு மேல் ஆகும், சனி இரண்டு சுற்று முடிக்க கிட்டத்தட்ட 59. இரண்டும் அறுபதை ஒட்டி வருகின்றன. இப்போதைய சுற்று 1987-இல் தொடங்கியது. திருக்கடையூரில் மணிவிழாக் கொண்டாடுபவர்கள், தான் பிறந்த ஆண்டின் பெயரைத் திரும்பச் சந்திக்கிறார்கள். எமனை மார்க்கண்டேயன் வென்றதாகச் சொல்லப்படும் தலத்தில் அதைச் செய்வது பொருத்தம்தான்.

ஆனால் வரலாறு எழுதுபவர்களுக்கு இது பெரிய தொல்லை. ஓலையில் வெறும் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் எந்தச் சுற்று என்று தெரியாது. அரசன் பெயரோ கிரகணமோ துணைக்கு வர வேண்டும்.

இந்தியர்களுக்குச் சுழல்காலம், மேற்கத்தியர்களுக்கு நேர்கோட்டுக் காலம் என்பது சரியா?

சரியில்லை. ஸ்டோயிக்குகளை மேலே பார்த்தோம். இந்தப் பக்கம், தென்பெண்ணைக் கரையில் கிராமம் என்றே பெயர்கொண்ட ஊரின் சிவன் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அரசனின் 36-ஆம் ஆட்சியாண்டோடு கலியுக ஆண்டு 4044 என்றும், கலி பிறந்ததிலிருந்து கழிந்த நாட்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். நாட்கள் பதினான்கு லட்சத்தைத் தாண்டுகின்றன. யுகம் சுழலும் என்று நம்பியவர்களே, ஒரு நாளை இன்னொரு நாளோடு குழப்பிக்கொள்ளாதபடி நேராக எண்ணினார்கள். கொடை கொடுத்த நாள் ஒன்றே ஒன்றுதான், அது தவறக் கூடாது. சுழற்சியும் நேர்கோடும் ஒரே மனிதரின் தலைக்குள் நிம்மதியாகக் குடியிருந்தன.

மத்திய அமெரிக்காவின் பழைய நாகரிகத்தவரான மாயர்களிடமும் இதே நிலை. 260 நாள் வட்டமும் 365 நாள் வட்டமும் சேர்ந்து 18,980 நாளுக்கு ஒருமுறை, அதாவது 52 ஆண்டுக்கு ஒருமுறை, ஒத்துவரும். அதோடு கி.மு. 3114-இலிருந்து நாட்களை நேராக எண்ணும் நீள் கணக்கும் வைத்திருந்தார்கள். 2012-இல் உலகம் அழியும் என்ற பரபரப்பு அந்தக் கணக்கில் ஒரு பெரும்பகுதி நிறைவடைந்ததால் எழுந்தது. பலெங்கே நகரக் கல்வெட்டு ஒன்று கி.பி. 4772-ஆம் ஆண்டு நாளையே குறிப்பிடுகிறது. முடிவு பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எல்லாம் திரும்பத்தான் போகிறது என்றால் முயற்சி எதற்கு?

அச்சு அசலாகத் திரும்பும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நீங்கள் முயன்றதுதான் திரும்பும், முயலாததல்ல. முன்கூட்டியே எழுதிய நாடகத்தை நடிப்பதாகத் தோன்றலாம், ஆனால் எழுதப்படுவது உங்கள் கையால்தான். மரபுக் கணக்கில் கேள்வியே எழாது. அங்கே சுற்றுகளின் வடிவம் மட்டும்தான் திரும்புகிறது, உங்கள் வினை உங்களோடு வருகிறது.

இறந்துபோனவர்களை மறுபடி பார்ப்போமா?

பலர் மற்ற கேள்விகளுக்குப் பின்னால் மறைத்து வைத்துக் கேட்பது இதைத்தான். ஆகவே நேராகவே சொல்கிறேன். அச்சு அசல் மறுவருகை உண்மையானால் பார்ப்போம், ஆனால் முன்பு பார்த்தோம் என்று அறியாமல் பார்ப்போம், அதே நாளில் அதேபோல மறுபடி இழப்போம். அம்மாவிடம் சொல்லாமல் விட்டதை அடுத்த சுற்றிலும் சொல்லியிருக்க மாட்டோம். நம் மரபு சொல்லும் மறுபிறப்பில், உறவு வேறு வடிவில் தொடரலாம், அடையாளம் தெரியாது. இழந்தவருக்கு இரண்டுமே முழு ஆறுதல் அல்ல. "காலம் சுழலும், கவலைப்படாதே" என்று துக்கவீட்டில் சொல்வதை நான் விரும்புவதில்லை. அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பவர் அவர்கள் திரும்புவார்கள் என்று எண்ணி இறைக்கவில்லை. பெயரைச் சொல்லி நினைக்கிறார். அதற்கு எந்தக் காலக் கொள்கையும் தேவைப்படவில்லை.

கண்ணால் பார்க்கக்கூடிய சுழற்சி ஏதாவது உண்டா?

குருவும் சனியும் ஒன்றுசேர்வதைப் பாருங்கள். ஏறத்தாழ 20 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். மூன்று சேர்க்கைகள் கழிந்தால், கிட்டத்தட்ட அறுபது ஆண்டில், அதே ராசிப் பகுதிக்கு அருகில் வந்து சேரும். 1961 பிப்ரவரியில் மகரத்தில் சேர்ந்தவை, 2020 டிசம்பர் 21 அன்று மறுபடி மகரத்திலேயே சேர்ந்தன. அன்று மாலை மேற்கில் அவற்றுக்கு இடையே இருந்தது நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் 1961-இல் நின்ற அதே புள்ளியில் நிற்கவில்லை, சில பாகை தள்ளி நின்றன. ஒவ்வொரு அறுபது ஆண்டிலும் இப்படிச் சற்று நகரும், ஆகவே நூற்றாண்டுகள் போகப் போகச் சேர்க்கை வேறு ராசிக்குப் போய்விடும். அடுத்தது 2040 ஐப்பசியில், கன்னி ராசியில், விடியலுக்கு முன் கிழக்குத் தொடுவானத்துக்குச் சற்று மேலே. தொலைநோக்கி தேவையில்லை. கிழக்கு திறந்த மொட்டைமாடி போதும், மழை மேகம் விட்டுக்கொடுக்க வேண்டும்.